பாதி மாத்திரை

ஒருவன் மேல் வஞ்சம் வைத்துக்கொண்டு, அவன் சட்டையையே வாரம் தவறாமல் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற தலைவிதி எதிரிக்கும் வரக்கூடாது. எங்கள் ரோலர் அக்காவுக்கு வந்தது.

எங்கள் சலவைக்கூடத்துக்கு வருவதெல்லாம் ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. நான் வண்டிக்காரன். காலையில் அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவேன். சாயங்காலம் வெளுத்ததை இறக்கிவிட்டு வருவேன். அந்த மூட்டைகளில் என்னென்ன இருக்கும் என்று சாப்பிடுகிற நேரத்தில் யாரும் என்னைக் கேட்பதில்லை. கேட்காமலேயே சொல்லிவிடுவேனோ என்ற பயம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. என் வாய் அப்படி.

ரோலர் என்பது கூடத்தின் நடுவில் கிடக்கிற நீராவி உருளை. ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து இந்தப் பக்கம் கொடுத்தால், அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் போய், கை பொறுக்காத சூட்டோடு வரும். கொடுக்கிறவர் மாமா. வாங்கி மடிக்கிறவள் அவர் பெண்டாட்டி, அக்கா. உறவில் இருவரும் எனக்கு ஒன்றும் இல்லை. சேர்ந்து வேலை செய்து, அவர்கள் வீட்டு மாடியிலேயே குடியும் இருந்ததில் அக்காவும் மாமாவும் ஆகிவிட்டார்கள். கல்யாணமான புதிதிலிருந்து அந்த மெஷினுக்கு எதிரும் புதிருமாக நின்றவர்கள். இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் இருவருக்கும் தொண்டை இறங்காது. அவர்கள் கொஞ்சிக்கொள்வதுகூடச் சண்டை மாதிரி தெருவுக்குக் கேட்கும்.

அந்த வெக்கையில் நின்றால் யாருக்குத்தான் கொதிக்காது? மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு. அக்காவுக்கும் அதே, கூடவே சர்க்கரை. வீட்டில் உப்பு ஜாடியை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஸ்டூல் போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் கூடத்துக்கே வந்து எல்லோருக்கும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார். சிரிக்காமல் அவருக்கு நாடி பிடிக்கக்கூடத் தெரியாது. அன்றைக்கே நாங்கள் அவருக்குச் சிரிப்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

"புது மாத்திரை ஒண்ணு வந்திருக்கு. பழசைவிட நல்லாக் கேக்கும்னு நம்பறோம். அது நிஜமான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. சேர்ந்துக்கறீங்களா?" என்று மாமாவின் தோளில் கை போட்டுக் கேட்டார்.

மாமாவுக்கு அது போதும். தோளில் யார் கை போட்டாலும் சொத்தை எழுதிக் கொடுக்கிற ஜாதி அவர். சேர்ந்துவிட்டார். அக்காவும் முன்னால் வந்து நின்றாள். சர்க்கரை இருப்பவர்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வருவார். மாடியில் ஒரு நீள பெஞ்சு. அவரைப் போலச் சேர்ந்தவர்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டிக் கடைக்காரர், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவர், ஐஸ் டிப்போவில் கட்டி உடைக்கிறவர், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அம்மா ஒருத்தி. பட்டை கட்டி அளந்து, புது மாத்திரைப் புட்டி கொடுத்து அனுப்புவார்கள். மாமாவுக்கு அது திருவிழாவுக்குப் போகிற மாதிரி. யார் வீடு எந்தத் தெருவில், யார் மகளுக்கு எத்தனையாவது பிரசவம், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"டாக்டர் ரொம்ப நல்லவர்டா தம்பி" என்பார் திரும்பி வரும்போது. "என் அளவைப் பாத்துட்டு அவருக்கே சந்தோஷம் தாங்கலை. இப்படி இறங்கும்னு எதிர்பாக்கலையாம்."

அது விடாமல் மழை பெய்த வாரம். துணி எல்லாம் கனத்துப் போய் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே நீராவி வெளியே போக வழியில்லாமல் நின்றது. காலை டீ குடித்து ரோலரைத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தள்ளுவண்டியிலிருந்து அடுத்த விரிப்பை எடுக்கக் குனிந்த மாமா நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் நிற்கவில்லை. முன்னால் சாய்ந்தார். விழாமல் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

வலது கை. தோல் மட்டும் போயிருந்தால் ஒட்டுப் போட்டிருப்பார்கள். வெந்தும் நசுங்கியும் போனதில் நான்கு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது. கை மாட்டினால் தானே நிற்கிற தடுப்பு அந்தப் பழைய மெஷினில் கிடையாது. முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு என்பது அக்காவுக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவள் இன்னொரு நாளைக்கு எடுத்து வைத்திருந்தாள்.

சில வாரம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். எழுந்து நிற்கும்போதெல்லாம் தலை சுற்றுகிறது என்று மாமா அதற்கு முன்பே பட்டை கட்டுகிற பெண்ணிடம் சொல்லியிருந்தார். அவளும் குறித்துக்கொண்டாள். அதைத்தான் அக்கா கேட்டாள்.

டாக்டர் அன்றும் சிரித்தார். வருத்தச் சிரிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இவர் ஆராய்ச்சியில இல்லை."

"இல்லையா? அப்ப மாசக்கணக்கா மாடி ஏறி வந்தது யாரு?"

"ஆராய்ச்சி முறைப்படி பதிவாகித் தொடங்கினதே போன வாரம்தான். அதுக்கு முன்னாடி சில பேருக்கு நல்லெண்ணத்துல மருந்து கொடுத்தேன். அவ்வளவுதான்."

"கையெழுத்து வாங்கினீங்களே?"

"அது எல்லார்கிட்டயும் வாங்கறதும்மா."

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே விழுந்தார். "பரவாயில்லைங்க டாக்டர், நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." கை வெந்தவர் டாக்டருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா புருஷனைப் பார்த்த பார்வையில் அவருடைய இன்னொரு கையும் வெந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். கூடத்தில் ரோலருக்குப் புது ஆள் போட்டார்கள். எதிரே வேறு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று இவள் கோட்டுப் பிரிவுக்குப் போய்விட்டாள். டாக்டர்களின் கோட்டுக்குக் கஞ்சி போட்டுப் பெட்டி போடுகிற வேலை. காலருக்கு உள்ளே பெயர் தைத்திருக்கும். முதல் வாரமே சிரிப்பு டாக்டரின் கோட்டு அவள் மேஜைக்கு வந்தது.

"டேய் தம்பி, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கடவுள் கண்ணைத் திறந்துட்டான் பாரு."

அந்தக் காலருக்கு மட்டும் அவள் மூன்று முறை கஞ்சி போட்டாள். காய வைத்துப் பெட்டி போட்டு, திரும்பவும் கஞ்சியில் முக்கி, திரும்பவும் பெட்டி போட்டு. கடைசியில் அந்தக் காலரை வைத்து வெங்காயம் நறுக்கலாம். நான் வாய் பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் மூட்டை எடுக்கப் போனபோது வராந்தாவில் டாக்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டே நோயாளிகளைப் பார்த்து வந்தார். காலருக்கு மேலே சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. வந்து சொன்னேன்.

"நல்லாச் சொறிஞ்சானா?"

"நல்லாச் சொறிஞ்சாருக்கா. ஒரு நர்ஸ் களிம்பு வேணுமான்னு கேட்டுச்சு."

வயிறு குலுங்கச் சிரித்தாள். பொத்தான்களின் நூலை அரைகுறையாக அறுத்து அனுப்பினாள். பையின் அடித் தையலைப் பிரித்துவிட்டாள்; டாக்டரின் பேனாக்கள் ஆஸ்பத்திரி முழுக்க விழுந்து கிடந்தன. தினமும் என்னிடம் கதை கேட்டுச் சிரித்தாள். ஒரு நாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கி மேஜையில் குத்தி வைத்தாள்.

"போதும் நிறுத்துடா. அவன் கழுத்தைச் சொறிஞ்சா இவர் விரல் பிரிஞ்சு வந்துடுமா? அவனுக்கு வேற வலிக்கணும். எங்க வலிக்கும்னு தெரியலையே எனக்கு."

எங்கே வலிக்கும் என்று கண்டுபிடித்தது அவள் மகள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தன் அப்பா ஆராய்ச்சியிலேயே இல்லை என்றதை அவளால் விழுங்க முடியவில்லை. கடைக்கு வந்துபோகிற மருந்து கம்பெனி ஆட்களிடம் விசாரித்து, ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கைபேசியோடு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் இருந்தேன், அவர்கள் வீட்டில் சூப்பு வைத்தால் வாசம் மாடிக்கு வந்துவிடும்.

"இதுக்குன்னு ஒரு பதிவகம் இருக்குப்பா. யார் வேணும்னாலும் பாக்கலாம். புது மருந்தை ஆளுங்களுக்குக் கொடுத்துப் பாக்கறதுன்னா, முதல் ஆளுக்கு முதல் மாத்திரை கொடுக்கறதுக்கு முன்னாடியே ஊரறிய அதுல எழுதி வெச்சிடணும். எத்தனை பேரைச் சேக்கப் போறோம், எதையெல்லாம் எண்ணப் போறோம், எதை வெச்சு நல்ல மருந்துன்னு சொல்லப் போறோம்னு."

"இவரும் எழுதித்தானே இருக்காரு?" என்றார் மாமா. இடது கையால் ரொட்டி நறுக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பருமனில் விழுந்தது.

"எழுதியிருக்காரு. எப்போ? நீங்க விழுந்ததுக்கு அப்புறம். முன்னாடி சேந்தவங்க ஒருத்தரும் அதுல இல்லை. எதை எண்ணப் போறோம்ங்கற இடத்துல அழுத்தம் எவ்வளவு இறங்குதுன்னு மட்டும்தான் இருக்கு. தலைசுத்தல் இல்லை, விழறது இல்லை. எல்லாத்தையும் உங்க மேல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு, வேண்டாததைத் தள்ளிட்டு, அப்புறம் போய்ப் பதிஞ்சிருக்காரு."

"பரீட்சை எழுதி முடிச்சிட்டு, தெரிஞ்ச கேள்வியா பாத்துக் கேள்வித்தாள் அச்சடிச்ச கதை" என்றேன் நான்.

அக்கா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேட்டிருக்கேன். இவன் முழு மனுஷனையே மறைச்சிருக்கான். இதுக்குக் கேக்க நாதி இல்லையா?"

"இருக்கும்மா. ஆஸ்பத்திரியிலேயே ஒரு குழு இருக்கு. ஆராய்ச்சி ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறவங்க. வெளியாளுங்களும் அதுல உண்டு. அவர் அடுத்து இதையே பெரிசா பண்ணப் போறாரு, நிறைய ஊர்ல. குழு வேண்டாம்னு சொன்னா அது நின்னு போயிடும். பதிவகத்துலயும் அது ஏறிடும். அழிக்க முடியாது. உலகத்துல எந்த டாக்டர் பாத்தாலும் தெரியும்."

அக்காவின் முகத்தில் அன்று நான் கண்டதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. "அங்கதான் வலிக்கும் அவனுக்கு" என்றாள்.

மகள் குழுவுக்கு எழுதிப் போட்டாள். அது எப்படியோ டாக்டரின் காதுக்கு எட்டிவிட்டது. அந்த வாரமே எங்கள் முதலாளி அக்கா வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஆள் வரவு போக்குப் பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். நாற்காலி, மின்விசிறி, ஒரு கை போதும். டாக்டரே சிபாரிசு செய்கிறாராம். "அந்தக் கடுதாசியை மட்டும் திருப்பி வாங்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போனார்.

மாமாவுக்கு நாற்காலி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் பாத்திரம் கழுவிக் கழுவி அவர் ஒடுங்கிப் போயிருந்தார். நாலு பேர் வந்து போகிற இடம், வாய் நிறையப் பேசலாம். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்று சாயங்காலம் சண்டை பிடித்துக்கொண்டது.

"போய் உக்காருங்க. அவன் காரு வரும்போது எழுந்து நின்னு சலாம் போடுங்க. இருக்கறது ஒரு கை, அதையும் அவனுக்கே தூக்குங்க."

"நீ ஏன் இப்படி எரிஞ்சு விழற? அந்த மனுஷன் வேணும்னா பண்ணினாரு?"

"உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும். நாம உப்பும் தின்னலை, தண்ணி மட்டும் குடிச்சிட்டு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மாமா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் தாழ்ந்த குரலில் பேசுவதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"சரி, குழு முன்னாடி போற. தினமும் மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டாரான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"சாப்பிட்டாருன்னு சொல்லுவேன்."

"முழுசா?"

நான் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தேன். மாமா என் பக்கம் திரும்பினார்.

"இவளைச் சேத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்கல்லடா. எனக்கு மட்டும் புது மாத்திரை, இவளுக்கு அதே பழசான்னு மனசு கேக்கலை. கத்தியால ரெண்டாக் கீறி, டீ குடிக்கறப்ப ஆளுக்குப் பாதி போட்டுக்கிட்டோம். முதல் நாள்லேர்ந்தே. அவகிட்ட இருந்த பழைய மாத்திரையைத் தூக்கிப் போட்டாச்சு."

ரொட்டியைப் பங்கிடுகிற மாதிரி மாத்திரையைப் பங்கிட்டிருக்கிறார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்து, திட்ட மனசு வராமல் மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது பழக்கமில்லாத வேலை.

"இது வெளிய வந்தா அவர் ஒரே வார்த்தையில தப்பிச்சிடுவாரு" என்றார் மாமா. "மருந்தை ஒழுங்கா சாப்பிடலை, அதனால விழுந்தான்னு சொல்லிடுவாரு. அதுகூடப் போகட்டும். புருஷன் மருந்தைப் புடுங்கித் தின்னவள்னு உன்னை நாலு பேர் பேசுவாங்க. அதை நான் கேட்டுட்டு இருக்கணுமா? நுணலும் தன் வாயால கெடும். நாற்காலியை வாங்கிட்டுப் பேசாம இருந்துடலாம், விடு."

"முழு மாத்திரைதான் சாப்பிட்டாருன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றாள் அக்கா. "அவன் ஒரு பொய் சொன்னான், நானும் ஒண்ணு சொல்றேன். பொய்க்குப் பொய் சரியாப் போச்சு. அவன் முகத்துல அந்தச் சிரிப்பு போறதை ஒரு தடவை பாத்துட்டா, அப்புறம் நான் செத்தாலும் சரி."

குழு கூடிய நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவையும் அக்காவையும் நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். துணைக்கு உள்ளேயும் வரலாம் என்றார்கள். மாடியில் நீள மேஜை, ஜன்னல்களுக்குத் திரை. மேஜையின் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஆஸ்பத்திரியைச் சேராதவர், வக்கீலாக இருந்தவர் என்றார்கள். பக்கத்தில் மருந்து படித்த ஒருவர், இன்னும் சிலர். ஓரத்தில் சிரிப்பு டாக்டர். எங்களைக் கண்டதும் எழுந்து மாமாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மாமாவும் "பரவாயில்லைங்க டாக்டர்" என்று நெளிந்துகொண்டே உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்னதையே சொன்னார். ஆராய்ச்சி பதிவான தேதி இது, இவர் அதற்கு முன் மருந்து வாங்கியவர், ஆகவே ஆராய்ச்சியில் இல்லை.

"பதிவுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தீங்க?" என்றார் கண்ணாடி அம்மா.

"இவர் ஒருத்தருக்குத்தான். ஏழை, பாவம்னு கொடுத்தேன்."

எங்களிடம் சில பேர் என்றவர் அங்கே ஒருத்தர் ஆக்கிவிட்டார். மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அதுவும் இவங்களெல்லாம் மருந்தை ஒழுங்கா சாப்பிடறவங்க இல்லைங்க" என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார். "நினைச்சா சாப்பிடுவாங்க, நினைச்சா விட்டுடுவாங்க. நமக்குத் தெரியாததா?"

அக்கா எழுந்து நின்றாள். பொய்யை அவள் நன்றாகத் தயார் செய்து வைத்திருந்தாள். வண்டியில் வரும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்ணாடி அம்மா கேட்டது வேறு கேள்வி. "நீங்களும் அதே மெஷின்லதானே வேலை பாத்தீங்க? அவர் விழும்போது எங்க இருந்தீங்க?"

"எதிர்லதாங்க. அந்தப் பக்கம்."

"அப்ப நேராவே பாத்திருப்பீங்க. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாக்கலைங்க."

"எதிர்ல நின்னேன்னு சொன்னீங்களே?"

"நின்னேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தலை சுத்தினா எதையாவது பிடிச்சிட்டு நிப்போம்ல, அப்படி மடிப்பு மேஜையைப் பிடிச்சிட்டு நின்னேன். அவர் கத்தறது காதுல கேக்குது. நிறுத்தற பொத்தான் என் பக்கம்தான் இருக்கு. எங்க இருக்குன்னு தெரியலை. தடவறேன், தடவறேன், கையில அகப்படலை."

அலறலைக் கேட்டு மூட்டையைப் போட்டுவிட்டு நான் ஓடி வந்தபோதும் ரோலர் சுற்றிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரைச்சலில், அவள் பயத்தில் விறைத்துப் போனாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அவளும் அப்படியே நினைக்க விட்டிருக்கிறாள்.

"உங்களுக்கு ஏன் தலை சுத்துச்சு?"

"நானும் அதைத்தாங்க சாப்பிட்டேன். என்னைச் சேத்துக்கலை. இவர் பாதி கொடுத்தாரு. காலையில டீயோட அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. ஒரே நேரத்துல சாப்பிட்டோம், ஒரே நேரத்துல சுத்துச்சு."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு உடம்பே லேசாகிவிட்டது. "பாத்தீங்களா?" என்று குழுவின் பக்கம் கையை விரித்தார். "மருந்தை முறையா சாப்பிடலைன்னு அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க."

மருந்து படித்தவர் கண்ணை எடுக்காமல் டாக்டரைப் பார்த்தார். "அதிகமா சாப்பிடலை டாக்டர். பாதிதான் சாப்பிட்டிருக்காங்க. பாதியிலேயே ரெண்டு பேருக்கு இப்படின்னா, முழுசு சாப்பிட்டவங்களுக்கு?"

சிரிப்பு போனது. பல மாதமாக அக்கா காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடி அம்மாவிடமே பேசினாள்.

"எழுதறதா இருந்தா ரெண்டு பேருன்னு எழுதுங்கம்மா. ஒருத்தர் விழுந்தாரு. ஒருத்தி நிறுத்தத் தெரியாம நின்னா. அதையும் சேத்து அந்தப் பதிவுல ஏத்துங்க."

"ஏத்தணும்" என்றார் அந்த அம்மா. "நாங்க முடிவு பண்ற வரைக்கும் டாக்டர் புதுசா யாரையும் சேக்கக் கூடாது. ஆனா இவர் ஒருத்தருக்குத்தான் கொடுத்தேன்னு சொல்றாரு. ஒருத்தர், ரெண்டு பேர்னா தற்செயல்னு சொல்லி மேல போயிடுவாங்க. வேற யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்லை" என்றார் டாக்டர்.

மாமா மெதுவாக எழுந்தார். "டாக்டர், அந்த பெஞ்சுல நான் தனியாவா உக்காந்திருந்தேன்?"

டாக்டர் மேஜையைப் பார்த்தார்.

"யாருன்னு தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க" என்றார் கண்ணாடி அம்மா. "கேக்கறோம்."

வண்டியில் மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். வெக்கை முகத்தில் அடித்தது. அக்கா பிழிந்து போட்ட துணி மாதிரி சாய்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள்தான் பேசினாள்.

"போதும்ங்க. என் வயித்தெரிச்சல் தீந்துடுச்சு. வேணும்னா அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

"அன்னைக்கு உனக்கும் சுத்துச்சா?"

"ம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நீங்க வெந்துட்டு இருந்தீங்க, நான் நின்னுட்டு இருந்தேன்னா?"

மாமா ஒட்டிப்போன கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார். "படுத்தா எழுந்து எழுந்து உக்காருவியே. அவர் மேல கோவம்னு நினைச்சேன்."

"அவன் மேல கோவம்தான். அவன் மேல கோவப்படாட்டி என் மேல கோவப்படணும். அதை எங்க போய்த் தீத்துக்கறது?"

சொல்லிவிட்டு அழுதாள். கத்திப் பேசுகிற அந்த வீட்டில் அவள் சத்தமில்லாமல் அழுததை அன்றுதான் பார்த்தேன். சாலை திருப்பம் வந்ததும் மாமா என் தொடையில் தட்டினார்.

"தம்பி, வண்டியைத் திருப்பு."

"எங்க மாமா?"

"ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக்கு. பாலம் தாண்டி இடது பக்கம், நீலக் கதவு. அங்கேர்ந்து டிக்கெட் பரிசோதகர் வீடு பக்கம். அப்புறம் ஐஸ் டிப்போ. தையல்கார அம்மா வீடு கடைசியில."

"இன்னைக்கேவா?" என்றாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏதாவது சாப்பிட்டுட்டு நாளைக்குப் போலாம்ங்க. அவர் நல்லவருன்னு நீங்கதானே சொல்லிட்டு இருந்தீங்க."

"என் கை போனதுக்கு அவனை மன்னிச்சேன். என் கை, என் இஷ்டம். உன்னை இத்தனை மாசம் உள்ளுக்குள்ள வேக வெச்சானே, அதை மன்னிக்க எனக்கு யாரும் உரிமை கொடுக்கலை. நீ பட்டது போதும். இனிமே நான் பாத்துக்கறேன்."

மாமாவின் வாயில் டாக்டர் 'அவன்' ஆனது அன்றுதான். நான் வண்டியைத் திருப்பினேன்.

நீலக் கதவை ரொட்டிக் கடைக்காரரின் மனைவி திறந்தாள். கையெல்லாம் மாவு. மாமாவின் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை.

"அண்ணன் இருக்காராம்மா? ஆஸ்பத்திரி பெஞ்சுல எனக்குப் பக்கத்துல உக்காருவாரு."

அவள் உள்ளே கை காட்டினாள். கூடத்தில் ஒரு கட்டில். அதில் கிடந்தவர் எங்களைப் பார்த்தார். பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது.

"அடுப்படியில மாவு மூட்டையை இறக்கி வெச்சிட்டு நிமிந்தாரு, அப்படியே விழுந்துட்டாரு. தலையில அடி" என்றாள். "மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறினதில்லை. முழுசா, வேளை தவறாம சாப்பிட்டாரு. எங்க நேரம், வேறென்ன சொல்றது? டாக்டரும் பாவம், வந்து பாத்துட்டு, புட்டியெல்லாம் திருப்பி வாங்கிட்டு, ஆறுதல் சொல்லிட்டுப் போனாரு. ரொம்ப நல்லவருங்க."

"அப்படித்தாம்மா நானும் சொல்லிட்டு இருந்தேன்" என்றார் மாமா. "கொஞ்சம் உள்ள வரலாமா?"